குரங்கு பொறுக்குமா?

திருத்தணி மலைப் படியோரம், மண்டப நிழலில் ஒரு குரங்கு அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். பின்னால் உச்சி வெயிலில் பாறை. நம் கண்ணுக்கு இரண்டும் தெரிகின்றன. காமிராவிலோ குரங்கு தெளிவாக விழுந்தால் பாறை வெளுத்துவிடும். பாறை சரியாக விழுந்தால் குரங்கு கரிக்கட்டைதான்! நிழலைவிட வெயிலில் ஒளி நூறு மடங்குக்கு மேலும் இருக்கக்கூடும்.

ஒளியைக் குறைத்தும் கூட்டியும் பல படங்கள் எடுத்து ஒன்றாக்குவது ஒரு வழி. இன்று கைப்பேசியே இதைச் செய்கிறது. 1850களிலேயே பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ கிரே வானுக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என எடுத்து இணைத்தார். வானமும் கடலும் பொறுத்துக்கொண்டன. குரங்கு அடுத்த படத்துக்குள் தலையைத் திருப்பிவிடும். இணைத்தால் பேய்போல இரட்டை முகம்.

ஆகவே விலங்குகளை ஒரே படமாகப் பிடிப்பதே மேல். பாறை வெளுக்காத அளவுக்கு ஒளியைக் குறைத்து எடுத்து, நிழற்பகுதியைப் பின்னர் கணிப்பொறியில் பிரகாசமாக்கலாம். இதற்கும் எல்லை உண்டு. ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப்போல ஒழுங்கின்றி வந்து விழுகின்றன. ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 துகள்கள் பதிந்தால், ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமாகிய 100. அதாவது 1 சதவீதம். நிழலில் 100 மட்டுமே பதிந்தால் ஏற்றத்தாழ்வு 10. அது 10 சதவீதம்! எவ்வளவு பிரகாசமாக்கினாலும் இவ்விகிதம் மாறாது. குரங்கின் ரோமம் மணல் தூவியதுபோலத் தோன்றுவது இதனால்தான். அது மண்டபத்தின் வெளியோரத்துக்கு வரும்வரை காத்திருப்பது செலவில்லாத உபாயம்.