கழுத்து ஒண்ணு... கேமரா ரெண்டு! கல்யாண போட்டோகிராபர்களே, தோள்பட்டை பத்திரம்!

கெட்டிமேளம் கொட்டுது. அட்சதை பறக்குது. குறுக்கே நாலு செல்போன்கள் நீளுது. நடுவில் மூன்று முடிச்சு. அந்தச் சில விநாடிகளில் லென்ஸ் மாற்ற முடியுமா? 'இன்னொரு தடவை கட்டுங்க மாப்ளே'ன்னு கேட்கத்தான் முடியுமா?

அதனால்தான் இவென்ட் போட்டோகிராபர்கள் ரெண்டு கேமராவோடு சுத்துறாங்க. 24-70 லென்ஸ் போட்ட கேமராவில் மொத்த மேடை, 70-200 போட்டதில் பொண்ணோட அம்மாவின் கண்ணோரத் துளி. ஒரு கேமரா திடீர்னு மக்கர் பண்ணினாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால், இந்த வசதிக்கான விலையை உங்க கழுத்து கொடுக்குதா?

எவ்வளவு வெயிட் தூக்குறீங்க?

ஒரு கணக்கு போடுவோம். கேனான் 5டி மார்க் 4 பாடி பேட்டரியோடு சுமார் 890 கிராம். ரெண்டு பாடி என்றால் 1,780. 24-70 எஃப் 2.8 லென்ஸ் சுமார் 805, 70-200 எஃப் 2.8 சுமார் 1,480 கிராம். மொத்தம் 4 கிலோவுக்கு மேல். ஃபிளாஷ் தனி. அதிகாலை முகூர்த்தத்தில் ஆரம்பித்து ராத்திரி ரிசப்ஷன் வரை இது உங்க உடம்பில்தான் தொங்கப்போகுது.

கேமராவோடு வரும் ஸ்ட்ராப், ஒரு கேமராவைக் கழுத்தில் மாட்டத்தான் சரி. ரெண்டையும் கழுத்தில் மாட்டினால் தலை முன்னால் இழுக்கப்பட்டு, பின்கழுத்துத் தசைகள் நாள் முழுக்க மல்லுக்கட்டணும். ஒன்றைத் தோளில் மாட்டினால் அது நழுவிக்கிட்டே இருக்கும். விழாமல் இருக்க, உங்களுக்கே தெரியாமல் அந்தத் தோளை உயர்த்தியே வைத்திருப்பீர்கள். மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாததன் ரகசியம் இதுதான்.

என்ன மாட்டலாம்?

டூயல் ஹார்னஸ்: ஸ்கூல் பேக் மாதிரி ரெண்டு தோளிலும் மாட்டுவது. பட்டைகள் முதுகில் இணையும். ரெண்டு கேமராவும் இடுப்புக்குப் பக்கத்தில் தொங்கும். கழுத்துக்கு வேலை இல்லை. பகல் முழுக்க வேலை செய்பவர்களுக்கு ஏற்றது.

கிராஸ் ஸ்லிங்: ரெண்டு ஸ்ட்ராப்பை எக்ஸ் வடிவில் குறுக்காக மாட்டுவது. செலவு குறைவு. ஆனால், அவசரத்தில் ஒன்றோடு ஒன்று சிக்கிக்கொள்ளும்.

இடுப்பு பெல்ட்: எடை தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிடும். தோள்வலி உள்ளவர்களுக்கு நிம்மதி. பந்தியில் உட்காரும்போது மட்டும் இடிக்கும்.

இதையெல்லாம் கவனிங்க!

* ஹார்னஸ்கள் பெரும்பாலும் ட்ரைபாட் மாட்டும் கால் இன்ச் திருகு ஓட்டையில்தான் மாட்டப்படும். நடக்க நடக்க அந்தத் திருகு தளரலாம். காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு, ரிசப்ஷனுக்கு முன் என மூன்று முறையாவது முறுக்கிப் பாருங்கள். கேமராவின் ஸ்ட்ராப் வளையத்தில் ஒரு பாதுகாப்புக் கயிறும் இருக்கட்டும்.

* 70-200 லென்ஸில் தனியாக ஒரு கால் இருக்கும். திருகை அதில் மாட்டுங்கள். பாடியில் மாட்டினால், லென்ஸின் மொத்த எடையும் மவுன்ட்டை இழுக்கும்.

* கேமரா இடுப்பெலும்பு உயரத்தில் நிற்கட்டும். ரொம்பக் கீழே தொங்கவிட்டால் நடக்கும்போது தொடையில் இடிக்கும்.

* முக்கியமான விஷயம், உங்க இடுப்பு உயரத்தில்தான் மண்டபத்தில் ஓடி விளையாடும் குட்டீஸ் முகம் இருக்கும்! வேகமாகத் திரும்பும் முன் ஒரு கை லென்ஸ் மேல் இருக்கட்டும். குனியாமல், கேமராக்களைப் பிடித்தபடி முழங்காலை மடக்கி உட்காருங்கள்.

வெயிட்டைக் குறைக்க முடியாதா?

முடியும். மண்டபம் சின்னது என்றால் 70-200-க்குப் பதில் 85 எம்.எம் எஃப் 1.8 போதும். எடை சுமார் 425 கிராம்தான். ஒரே மாற்றத்தில் ஒரு கிலோ மிச்சம்! ரிசப்ஷனில் மேடையில் வரிசையாக வந்து நிற்கும் குரூப் போட்டோவுக்கு ஒரு கேமரா போதுமே. இன்னொன்றை அசிஸ்டென்ட்டிடம் கொடுத்துவிட்டுத் தோளுக்கு ரெஸ்ட் கொடுங்கள்.

புது ஹார்னஸை முகூர்த்தத்தன்று முதன்முதலாகப் போடாதீங்க. முந்தின வாரமே வீட்டில் ரெண்டு கேமராவையும் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள், மாடிப்படி ஏறுங்கள், உட்கார்ந்து எழுந்திருங்கள். எங்கே உறுத்துதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

கை மரத்துப்போவது, விரல்களில் ஊசி குத்துவது மாதிரியான உணர்வு தொடர்ந்தால், தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் டாக்டரைப் பாருங்கள். கேமரா கெட்டால் வாடகைக்கு எடுக்கலாம். தோளை..?