பனிக்காலத்துக்கு முன் காரை ஆயத்தம் செய்தல்

மழையில் வாகனம் ஓட்டுவதை நாம் அறிவோம். வீதியை மூடும் பனி நமக்குப் புதிது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கார்களுக்குக் குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஏன் தெரியுமா? வெப்பநிலை 7 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் சாதாரண டயரின் இறப்பர் இறுகி, வீதியில் அதன் பிடி குறைகிறது. குளிர்கால டயரின் இறப்பரோ குளிரிலும் மென்மையாக இருக்கும். அதை நான்கு சில்லுகளுக்கும் பூட்ட வேண்டும். இரண்டுக்கு மட்டும் பூட்டினால் கார் வழுக்கிச் சுழலக்கூடும்.

கடுங்குளிரில் பற்றரியின் வலுவும் குறையும். அதை முன்கூட்டியே சோதிக்க வேண்டும். கண்ணாடி கழுவ உறையாத திரவம் தேவை. காருக்குள் ஒரு சவளும் கம்பளியும் இருப்பது நல்லது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது புகைக்குழாய். வெளியே குளிர் என்று பிள்ளைகளைக் காருக்குள் இருத்தி, எஞ்சினை இயக்கிவிட்டுப் பெரியவர்கள் பனி அள்ளுவதுண்டு. புகைக்குழாய் பனியால் அடைபட்டிருந்தால் காபனோரொட்சைட்டு வாயு காருக்குள் புகுந்துவிடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ள வேண்டும். அதன் பிறகே எஞ்சினை இயக்க வேண்டும்.