ஸ்லைடிங் ஜன்னல் பாதிக் கணக்குதான்... பிளானிலேயே பாருங்க!

புது ஃபிளாட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஏ.சி மாட்டுறோம். காத்து வந்தா அந்தச் செலவு குறையுமே! அதுக்காகத்தான் மத்திய மின்துறை 2018-ல் 'ஈக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற எரிசக்தி விதித்தொகுப்பை வெளியிட்டது. மாநிலங்கள் இதைத் தங்கள் கட்டட விதிகளில் சேர்த்துக்கொள்ளலாம்.

இதன்படி, சென்னை மாதிரி புழுக்கமான ஊர்களில், கார்ப்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது வெளிக்காத்துக்குத் திறக்கணும். 600 சதுர அடின்னா 100 சதுர அடி.

இங்கேதான் பில்டர்கள் கவனிக்கணும். ரெண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், கணக்கிலும் பாதிதான். கீல் வெச்சு முழுசா திறக்கிற ஜன்னலுக்கு 90 சதவிகிதம். பிளானில் ஜன்னல் அளவோட வகையையும் எழுதிட்டா, அதிகாரி சட்டுனு சரிபார்த்துடலாம்.

சுவர் எழும்பினப்புறம் ஜன்னல் பெருசாகாது. கரன்ட் பில்தான் பெருசாகும்!