மீன் பிடிக்க எம்.எஸ்சி. எதற்கு?

தங்கை வீட்டுக்காரர் போன வாரம் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். கையில் மகளின் பி.எஸ்சி. விலங்கியல் மதிப்பெண் பட்டியல். தெருமுனைக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"மச்சான், பாப்பா கடல் படிப்பு படிக்கணுங்கறா. மீன் பிடிக்க எம்.எஸ்சி. எதுக்கு? பள்ளிக்கூடம் போகாதவங்களே நல்லாப் பிடிக்கிறாங்களே!"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நான் அதே படிப்பில் சேர்ந்தபோது என் அப்பாவும் இதைத்தான் கேட்டார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

"மாப்ளே, இது மீன் பிடிக்கிற படிப்பில்ல. முதல்ல அந்த டீயைக் கலக்காமக் குடிங்க" என்றேன். அந்தக் கடையில் சர்க்கரையை அடியில் போட்டு டீயை மேலே ஊற்றுவார்கள். முதல் வாய் கசந்தது, முகத்தைச் சுளித்தார். அடியில் தித்திப்பு அப்படியே கிடந்தது. ஆறு கடலில் சேருமிடமும் கிட்டத்தட்ட இந்த கிளாஸ்தான். ஆற்று நீர் லேசானது, மேலே ஓடும். உப்பு நீர் கனமானது, அடியில் ஆப்பு மாதிரி உள்ளே நுழையும். மேலே மொண்டு பார்த்தால் ஒரு தண்ணீர், கீழே இறக்கி எடுத்தால் வேறு தண்ணீர். ஓதம் ஏறினால் ஒரு கணக்கு, வற்றினால் இன்னொரு கணக்கு.

பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருப்பதற்குக் காரணமே இதுதான். பேராசிரியர் ஆர்.வி. சேஷையா கட்டியெழுப்பிய இடம் அது; 1963-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதை உயராய்வு மையமாக ஏற்றது. ஆறு, கழிமுகம், உப்பங்கழி, அலையாத்திக் காடு, திறந்த கடல் எல்லாம் படகு போகும் தூரத்தில். வேறென்ன வேண்டும்? கடல் நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம் வரும்போது கழிமுகத்தில் நாக்கில் உப்பே தட்டாது; சித்திரை வெயிலில் அதே இடம் கடலாகவே மாறிவிடும். இரண்டையும் தாங்கி அங்கே உயிர் வாழ்வது எது, தாங்காமல் ஓடுவது எது, ஏன்? படிப்பில் பாதி இந்தக் கேள்விதான்.

"சரி, அப்ப நாள் முழுக்க என்னதான் செய்வாங்க?"

அளப்பார்கள். அளந்ததையே மறுபடி அளப்பார்கள். ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று பார்க்க விங்க்லர் முறை என்று ஒன்று உண்டு. 1888-ல் வந்தது. இன்று கம்பியைத் தண்ணீரில் விட்டால் எண் காட்டும் கருவி வந்துவிட்டாலும், கருவி சொல்வது சரிதானா என்று சோதிக்க இதைத்தான் தேடுகிறோம். கண்ணாடி மூடி போட்ட புட்டியில் ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரைப் பிடிக்க வேண்டும். ஆடுகிற படகிலேயே மாங்கனீசு உப்புக் கரைசல் ஒரு மில்லி, காரம் கலந்த அயோடைடு ஒரு மில்லி. உடனே பழுப்பு நிறத்தில் பஞ்சு மாதிரி திரண்டு அடியில் இறங்கும். ஆக்சிஜனே இல்லாத தண்ணீரென்றால் அது வெள்ளையாக இருக்கும். ஆய்வகத்துக்கு வந்து அமிலம் விட்டால் கரைந்து தேன் நிறமாகும். பியூரெட்டிலிருந்து ஹைப்போ என்ற தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் மஞ்சள் ஆனதும் ஸ்டார்ச் கரைசல் சேர்த்தால் சட்டென்று நீலம். இன்னும் சில சொட்டு. எந்தச் சொட்டில் நீலம் போகிறதோ, அங்கே நிறுத்திக் கணக்கெழுத வேண்டும்.

ஒரு சொட்டு கூடினால் கணக்கு தப்பு. முதல் மாதம் என் புட்டிகளில் குமிழி நின்று, ஆறு முழுக்க ஆக்சிஜன் பொங்குவதாக எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஐந்து மணிக்குப் படகடிக்கு வரச் சொன்னார்.

பிச்சாவரத்து அலையாத்திக் காடு அடுத்த பாடம். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். மரம் குடித்த உப்பை இலை வழியாகக் கக்குகிறது. சேற்றில் காற்றில்லாததால் அதன் மூச்சுவேர்கள் பென்சில் நட்டது மாதிரி மேலே நிற்கும். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைவிட்டு முருங்கைக்காய் போலத் தொங்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயர் தந்த தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் பொறுக்க முடியாது. ஊர்ப் பெயரில் தினமும் சொல்கிற மரத்தை மாப்பிள்ளை பார்த்ததேயில்லையாம்!

மணலைப் பற்றி அவர் கேட்கவில்லை. யாருமே கேட்பதில்லை, அதனால் நானே சொன்னேன். நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவக்காற்றில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்தால் மணல் வடக்கே போகிறது. 1870-களில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் எழும்பியதும், மணல் அதன் தெற்கில் தேங்கியது. நாம் சுண்டல் தின்கிற மெரினாவின் அகலம் அப்படி வந்தது. வடக்கே மணல் போய்ச் சேராததால் ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. புதுச்சேரியில் 1980-களின் இறுதியில் துறைமுகச் சுவர் வந்த பிறகு இதே கதை; கடற்கரைச் சாலைக்கு முன் மணல் போய்ப் பாறாங்கற்கள்தான் மிஞ்சின. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் கடலுக்குள் எஃகுத் திட்டு ஒன்றை இறக்கி, 2018-க்குப் பிறகு கொஞ்சம் மணலைத் திரும்ப வரவழைத்தது. ஒரு சுவரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு இத்தனை ஊர் வாழ்வும் கட்டுப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், மீனைவிட மணல்தான் இந்தப் படிப்பின் கடினமான பாடம்.

வேலை? சுற்றி வளைக்காமல் சொன்னேன். இரண்டு வருஷம், நான்கு பருவம், கடைசியில் ஓர் ஆய்வேடு. முடித்ததும் கதவு திறந்து காத்திருக்காது. ஆய்வு நிறுவனங்களில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் திட்டப் பணி. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை கிடைக்கும். இறால் குஞ்சுப் பொரிப்பகங்கள், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வேறு, இது வேறு. விளம்பரத்தில் எந்தப் பட்டம் கேட்கிறார்கள் என்று பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். வரைபட மென்பொருளும் புள்ளியியலும் கற்றுக்கொண்டவர்கள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

கடைசியாகத் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். "பொம்பளப் புள்ள, படகுல..." முடிக்க விடவில்லை. கோவா கடலாய்வு நிறுவனத்தின் அதிதி பந்த் 1983-ல் புறப்பட்ட குழுவோடு அண்டார்க்டிகாவுக்கே போய் வந்தவர். வெள்ளாறு எம்மாத்திரம்? நீச்சல் தெரியுமா என்பதுதான் கேள்வி. தெரியாதாம். அதை இந்தக் கோடையிலேயே சொல்லிக் கொடுக்கச் சொன்னேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இதைக் கேட்டால், பரங்கிப்பேட்டையோ தொண்டியோ கொச்சியோ, பணம் கட்டும் முன் ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு மாணவர்களைத் தனியே கூப்பிட்டு, துறைக்குப் படகு இருக்கிறதா, போன பருவத்தில் எத்தனை நாள் தண்ணீரில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். ஒரு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள் என்றால், வேறு இடம் பாருங்கள்.