நாம் சுத்திகரித்தால் அது யாருடைய எண்ணெய்?

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது தெரிந்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "ரஷ்யா எண்ணெய் வேணாம்னு ஐரோப்பாக்காரன் சொல்றான். அதையே நாம வாங்கி, டீசலாக்கி, அவனுக்கே விக்கிறோம். இது என்ன கணக்கு சார்?"

வண்டி வந்துவிட்டதால் பாதி பதில்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதி வைக்கிறேன். ஐரோப்பாவின் வெளியுறவுக் கொள்கை எங்கே இடறுகிறது என்பது இந்த ஒரு கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது.

முதலில் விஷயத்தைப் பார்ப்போம். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 45% ரஷ்யாவிலிருந்து வந்தது. எதிரி என்று சொல்பவனிடமே அடுப்புக்கு வாயு வாங்கிக்கொண்டிருந்த நிலை. அதனால் ஒரே நாளில் கதவைச் சாத்த முடியவில்லை. கடல்வழி வரும் ரஷ்ய கச்சா எண்ணெய்க்கு 2022 டிசம்பர் 5 முதலும், டீசல் போன்ற பொருட்களுக்கு 2023 பிப்ரவரி 5 முதலும் தடை வந்தது.

கூடவே ஜி7 நாடுகளும் ஐரோப்பாவும் சேர்ந்து ஒரு விலை வரம்பு வைத்தன. பீப்பாய்க்கு 60 டாலருக்கு மேல் விற்றால், அந்தச் சரக்குக்கு ஐரோப்பியக் கப்பலும் காப்பீடும் கிடையாது என்றன. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: ரஷ்ய எண்ணெய் உலகச் சந்தைக்கு வருவதை நிறுத்துவது இதன் நோக்கமே இல்லை. எண்ணெய் வரணும், ஆனா ரஷ்யாவுக்கு வருமானம் குறையணும். எண்ணெய் மொத்தமாக நின்றிருந்தால் உலகம் முழுக்க விலை எகிறியிருக்கும். அப்படியானால் அந்த எண்ணெயை யாராவது வாங்கித்தானே ஆக வேண்டும்? போருக்கு முன்பு நம் இறக்குமதியில் 2 சதவீதத்தைக்கூட எட்டாத ரஷ்ய எண்ணெய், பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது இப்படித்தான். நாம் ஏதோ ஓட்டை வழியாக நுழைந்துவிடவில்லை. ஐரோப்பா திறந்தே வைத்திருந்த வாசல் அது.

2023 மே மாதம், ஐரோப்பிய வெளியுறவுத் தலைவராக இருந்த ஜோசப் பொரெல் இந்தியாவின் டீசலைப் பற்றிக் குறை சொன்னார். ஜெய்சங்கர் அவர்களுடைய விதியையே எடுத்துக் காட்டினார்: மூன்றாவது நாட்டில் கச்சா எண்ணெய் வேறு பொருளாக மாறிவிட்டால் அது ரஷ்யப் பொருள் ஆகாது. சட்டப்படி அவர் சொன்னது சரி.

அந்த வாசல் பிறகு மூடத் தொடங்கியது. 2025 ஜூலையில் வந்த 18ஆவது தடைத் தொகுப்பு, ரஷ்ய எண்ணெயிலிருந்து தயாரித்த பொருட்களை 2026 ஜனவரி 21 முதல் வாங்குவதில்லை என்றது. ரோஸ்நெஃப்ட்டுக்கு சுமார் 49% பங்கு இருக்கும் குஜராத் வாடினார் ஆலையும் பட்டியலில் ஏறியது. அமெரிக்காவும் அக்டோபரில் ரோஸ்நெஃப்ட், லுக்ஆயில் மீது தடை போட்டது. நவம்பரில், ஜாம்நகரில் ஏற்றுமதிக்கென்றே இருக்கும் ஆலையில் ரஷ்ய எண்ணெயை நிறுத்திவிட்டதாக ரிலையன்ஸ் அறிவித்தது. ஆக, முடிவு எடுத்தால் ஐரோப்பாவின் சொல்லுக்கு எடை இருக்கிறது. ஆனால் முடிவு எடுக்கத்தான் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஏன் இவ்வளவு தாமதம்? வெளியுறவு விஷயத்தில் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும். ஒரு நாடு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எல்லாம் நிற்கும். 18ஆவது தொகுப்பைச் சில வாரங்கள் நிறுத்தி வைத்தது ஸ்லோவாக்கியா. 2023 டிசம்பரில் உக்ரைனை ஒன்றியத்தில் சேர்க்கும் பேச்சைத் தொடங்க முடிவெடுத்தபோது, ஹங்கேரிப் பிரதமர் ஓர்பான் அறையைவிட்டு வெளியே போன நேரத்தில்தான் அது நிறைவேறியது. நம்ம ஊர் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் கூட்டம் நடத்தியவர்களுக்கு இது புரியும்!

கூடங்குளம் இன்னொரு உதாரணம். அங்கே ஓடும் இரண்டு அணு உலைகளும் ரோசாட்டம் கட்டியவை. அதே குடும்பத்தைச் சேர்ந்த ரஷ்ய வடிவமைப்பு உலைகள் ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, பல்கேரியா, செக் நாடுகளிலும் இருக்கின்றன. எண்ணெய் மீது பாய்ந்த தடை ரோசாட்டம் மீது அதே வேகத்தில் பாயாததற்கு இது முக்கியக் காரணம். தேவை என்று வந்தால் நாமும் அவர்களும் ஒரே மாதிரிதான்.

இதற்கு நடுவில் கூட்டாளியும் மாறிவிட்டார். ரஷ்ய வாயுவைக் குறைத்த ஐரோப்பா, அந்த இடத்தில் அமெரிக்கத் திரவ வாயுவை நிரப்பியது. 2025 ஜூலையில் அதே அமெரிக்காவிடம் 15% வரிக்கு ஒப்புக்கொண்டது. நமக்கு அந்த ஆகஸ்ட் 27 முதல் 50% விழுந்தது. அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கான தண்டனையாக இருந்தது. 1984 முதல் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் மெப்ஸ் போன்ற ஏற்றுமதி வளாகங்களில் ஷிப்டு வேலை பார்ப்பவர்களுக்கு அது தூரத்து அரசியலாக இருக்கவில்லை. 2007இல் தொடங்கி, 2013இல் படுத்து, 2022இல் மறுபடி எழுந்த இந்திய–ஐரோப்பிய வர்த்தகப் பேச்சு 2026 ஜனவரி 27 அன்று முடிவுக்கு வந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்கிறேன். இரண்டு பேருக்கும் மூன்றாவது ஆளிடம் அடி விழுந்திருந்தது.

சரி, பெரியவருக்கு என்ன பதில்? ஐரோப்பா நியாயம் பேசியது, ஆனால் தன் தேவைக்கு இடம் விட்டுப் பேசியது. நாம் நம் தேவையைப் பேசினோம், ஆனால் அது முழு நியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. 2022 மார்ச் 2 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 141 நாடுகள் படையெடுப்பைக் கண்டித்தபோது, ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் நாமும் ஒன்று. அதே வாரத்தில்தான் உக்ரைனில் படித்த தமிழ்நாட்டு மருத்துவ மாணவர்கள் போலந்து, ருமேனியா, ஹங்கேரி எல்லைகளைக் கடந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

ஐரோப்பாவின் பிரச்சினை உலகத்தின் பிரச்சினை இல்லை என்று ஜெய்சங்கர் பிறகு 2022 ஜூனில் சொன்னதற்கு இங்கே நல்ல கைதட்டல் கிடைத்தது. எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் மகனோ மகளோ எந்த எல்லையில் நிற்கிறார்கள் என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்கு அந்த வாரம் அது வேறு யாருடைய பிரச்சினையும் இல்லை.