பழைய கம்ப்யூட்டர் பறக்குமா?

வேகம் கூட்டும் "ஓவர்கிளாக்" வித்தை
அவசரப்பட்டால் கணக்கே குழம்பும்! உஷார்!

பொத்தானை அமுக்கினால் வட்டம் சுற்றுகிறது. சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

கவுண்டரில் நிற்கும் வாடிக்கையாளர், "என்னங்க, பில் இன்னும் வரலியா?" என்கிறார். கடைக்காரர் கம்ப்யூட்டரை முறைக்கிறார். கம்ப்யூட்டர் அசைவதாக இல்லை.

சென்னையில் எத்தனையோ கடைகளிலும் ஆபீசுகளிலும் தினமும் நடக்கும் கூத்து இது. 10 வருஷம், 15 வருஷம் ஆன டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்கள் இன்னும் மூச்சு வாங்க ஓடிக்கொண்டிருக்கின்றன. புதுசு வாங்கலாம்தான். காசு வேணுமே!

இந்த நேரம் பார்த்து தெரிந்த பையன் யாராவது வந்து ஆசை காட்டுவான். "அண்ணாச்சி, இதை ஓவர்கிளாக் பண்ணிடலாம். பைசா செலவில்லை. சும்மா பறக்கும்!"

பறக்குமா?

சில கம்ப்யூட்டர்கள் நிஜமாகவே பறக்கும். பல கம்ப்யூட்டர்கள் இருந்த இடத்தை விட்டு நகராது. இன்னும் சிலதை தொடவே கூடாது. எது எந்த ரகம் என்று தெரிந்துகொண்டு இறங்குவதுதான் புத்திசாலித்தனம்.

அது என்ன வித்தை?

கம்ப்யூட்டரின் மூளை பிராசசர். அது ஒரு தாளத்துக்கு வேலை செய்கிறது. 3.3 கிகா ஹெர்ட்ஸ் என்று போட்டிருந்தால், ஒரு வினாடிக்கு 330 கோடி தட்டு என்று அர்த்தம்.

கரகாட்டம் பார்த்திருப்பீர்கள். மேளம் வேகம் எடுத்தால் ஆடுகிறவர் காலும் வேகம் எடுக்கும். கொஞ்சம் கூட்டினால் ஆட்டம் களை கட்டும். அளவு மீறினால் கால் பின்னும். தலையில் இருக்கும் கரகம் தரையில்!

ஓவர்கிளாக் என்பதும் அதேதான். கம்பெனி வைத்த தாளத்தை விட வேகமாக தட்டுவது.

கம்பெனி ஏன் குறைத்து வைக்கிறது? ஒரே தொழிற்சாலையில் பிறந்த சில்லுகள் கூட ஒன்று போல் இருப்பதில்லை. ஒன்று பலசாலி, ஒன்று நோஞ்சான். எல்லாமே எந்த வெயிலிலும் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும். அதனால் கொஞ்சம் இடம் விட்டுத்தான் வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். அந்த மிச்ச பலத்தைத்தான் இந்த வித்தை எடுத்துக்கொள்கிறது.

300-ஐ 450 ஆக்கினார்கள்!

1998-ம் ஆண்டில் இன்டெல் கம்பெனி "செலரான் 300ஏ" என்ற மலிவு பிராசசரை விட்டது. வேகம் 300 மெகா ஹெர்ட்ஸ். அதாவது 66 மெகா ஹெர்ட்ஸ் தாளம், பெருக்கல் எண் நாலரை. தாளத்தை 100 ஆக்கிப் பார்த்தார்கள். பல சில்லுகள் அசராமல் 450-ல் ஓடின. ஒன்றரை மடங்கு வேகம்! உலகம் பூராவும் கம்ப்யூட்டர் பைத்தியங்கள் தேடித்தேடி வாங்கினார்கள்.

அடுத்து 2007-ல் "கோர் 2 குவாட் கியூ6600" வந்தது. 266 தாளம், பெருக்கல் எண் 9. ஆக 2,400 மெகா ஹெர்ட்ஸ். தாளத்தை 333 ஆக்கினால் 3,000.

2011-ல் வந்தது "கோர் ஐ5-2500கே". இதில் தாளத்தை தொட வேண்டியதே இல்லை. தாளம் 100, பெருக்கல் எண் 33. அந்த பெருக்கல் எண்ணை மட்டும் கூட்டினால் போதும். புதிதாக கற்றுக்கொள்கிறவர்களுக்கு இதுதான் சுலபமான வண்டி.

உங்களுடையது எந்த ரகம்?

"சி.பி.யு.-இசட்" என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. பிராசசர் என்ன, மதர்போர்டு என்ன என்று புட்டுப்புட்டு வைத்துவிடும்.

2011 முதல் சில ஆண்டுகளில் வந்த இன்டெல் பிராசசர்களில், பெயரின் கடைசியில் "கே" இருந்தால் பெருக்கல் எண்ணுக்கு பூட்டு இல்லை. அது மட்டும் போதாது. மதர்போர்டும் ஒத்துழைக்க வேண்டும். 2500கே-க்கு பி67, இசட்68, இசட்77 ரக போர்டுகள் சரி. ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் ஏராளமாக வந்த எச்61 போர்டில் இந்த வித்தை நடக்காது.

பெரிய கம்பெனிகள் ஆபீசுகளுக்கென்று விற்ற ரெடிமேட் டெஸ்க்டாப்களில் பெரும்பாலும் இதற்கான அமைப்பே பயாசில் இருக்காது. லேப்டாப்பா? நினைக்கவே வேண்டாம். அந்த ஒல்லி உடம்பு வெப்பம் தாங்காது.

கணக்கு மெஷினா? கையை எடுங்கள்!

கம்ப்யூட்டர் நின்றுபோனால் கூட பரவாயில்லை. நிற்காமல் தப்பாக வேலை செய்வதுதான் ஆபத்து.

வேகம் அளவு மீறினால் நீலத்திரை வரும். அணைந்து மறுபடி எழும். இதெல்லாம் கண்ணுக்கு தெரிகிற கோளாறு. ஆனால் மயிரிழையில் மீறினால், கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கேயோ ஒரு எழுத்து மாறும். அந்த தப்பு அப்படியே ஹார்ட் டிஸ்கில் பதியும். ஒரு வாரம் கழித்து பைலை திறந்தால் திறக்காது. இருப்பு கணக்கு, கடன் பாக்கி, ஜி.எஸ்.டி. விவரம் எல்லாம் கோவிந்தா!

ஆகவே பில் போடும் மெஷின், சம்பள கணக்கு மெஷின், வீட்டு கல்யாண போட்டோ இருக்கும் மெஷின் இவற்றில் பரீட்சை வேண்டாம். ஓரமாக தூங்கும் உதிரி மெஷினில் கற்றுக்கொள்ளுங்கள். அதிலும் தேவையானதை முதலில் வேறு டிஸ்கில் காப்பி எடுத்துவிடுங்கள்.

முதலில் குளியல்

பழைய மெஷினுக்கு முதல் வைத்தியம் வேகம் அல்ல, சுத்தம்.

மின்சாரத்தை துண்டியுங்கள். மூடியை கழற்றுங்கள். தூசியும் சாம்பிராணி புகையும் சேர்ந்து கூலர் இடுக்கில் கம்பளி மாதிரி அடைத்திருக்கும். புளோயரால் ஊதுங்கள். ஊதும்போது பேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொருக்கு தட்டி இருக்கும். அதை துடைத்து, பட்டாணி அளவு புதுசு வையுங்கள். இன்டெல் கூலரின் நாலு கால்களும் "டிக்" என்று உட்கார வேண்டும். ஒரு கால் தூக்கி நின்றாலும் சூடு ஏறும். பேஸ்ட், கூலர் எல்லாம் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

மதர்போர்டில் உருளை உருளையாக நிற்கும் கெப்பாசிட்டர்களை பாருங்கள். தலை உப்பி இருந்தாலோ, பழுப்பாக கசிந்திருந்தாலோ அதோடு நிறுத்துங்கள். அந்த போர்டுக்கு வேகம் ஆகாது. கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்.எம்.பி.எஸ். மீதும் நம்பிக்கை வேண்டாம். அதை திறந்து பார்க்கவும் கூடாது. பிளக்கை பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி இருக்கும்.

சுத்தம் செய்ததுமே சில மெஷின்கள் சுறுசுறுப்பாகி விடும். சூட்டினால் தானாகவே வேகத்தை குறைத்துக்கொண்டிருந்த பிராசசர் அது!

ஒவ்வொரு படியாக...

இனி வேலையை தொடங்கலாம்.

"கோர் டெம்ப்" புரோகிராமில் சூட்டை பாருங்கள். "பிரைம்95" புரோகிராமை ஓட விடுங்கள். 1996-ல் தொடங்கிய பகா எண் தேடும் திட்டத்துக்காக எழுதப்பட்டது அது. விடை தெரிந்த கணக்கை கொடுத்து பிராசசரை பிழிந்தெடுக்கும். ஒரு விடை தப்பினாலும் காட்டிக்கொடுக்கும். வேகத்தை கூட்டும் முன்பே ஒரு தடவை இதை ஓட்டி, சூடு எவ்வளவு என்று எழுதி வையுங்கள்.

அடுத்து மெஷினை போட்டதும் "டெலிட்" அல்லது "எப்2" பொத்தானை தட்டினால் பயாஸ் திறக்கும். எதையும் மாற்றும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

2500கே தானாகவே ஒரு கோரை 3,700 வரை ஓட்டும். நாலு கோரும் உழைத்தால் 3,400-தான். முதல் படியாக நாலு கோருக்கும் பெருக்கல் எண் 37 வையுங்கள். கால் மணி நேரம் பிரைம்95. தப்பு இல்லையா? 38. மறுபடி கால் மணி நேரம். அப்புறம் 39, 40. முதல் தடவை செய்கிறவர்களுக்கு 40 போதும்.

எந்த படியில் தடுமாறுகிறதோ, அங்கிருந்து இரண்டு படி கீழே இறங்குங்கள். அங்கே நாலைந்து மணி நேரம் ஓட விடுங்கள். நின்றால் அதுதான் அதன் வேகம். பக்கத்து கடை மெஷின் 45-ல் ஓடுகிறதே என்று போட்டி போடாதீர்கள். அது வேறு சில்லு.

கியூ6600 போன்ற பழைய ரகத்தில் தாளத்தையே கூட்ட வேண்டும். 266-லிருந்து 5, 10 ஆக ஏறுங்கள். தாளம் ஏறினால் ரேமும் கூடவே ஏறும். அதனால் ரேம் விகிதத்தை குறைத்து வையுங்கள். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வேகத்தை 100-ல் பூட்ட வேண்டும். பூட்டு வசதி இல்லாத பழைய போர்டில் டிஸ்க் பாதையும் சேர்ந்து ஏறி, டேட்டா கெட்டுப்போகும்.

வோல்டேஜ் என்ற வில்லன்

வேகம் ஏறவில்லையா, வோல்டேஜை ஏற்று என்பார்கள். இங்கேதான் பலர் விழுகிறார்கள்.

வேகத்தை மட்டும் 10 சதவீதம் கூட்டினால் பிராசசர் இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 10 சதவீதம்தான் கூடும். வோல்டேஜையும் 10 சதவீதம் கூட்டினால் 33 சதவீதம் கூடும்! அவ்வளவும் சூடாகத்தான் வெளியே வரும். சில்லின் ஆயுளும் குறையும்.

"ஆட்டோ" என்று விட்டாலும் ஏமாறாதீர்கள். சில போர்டுகள் தாமாகவே வோல்டேஜை தாராளமாக ஏற்றிவிடும். சி.பி.யு.-இசட்டில் ஒரு கண் இருக்கட்டும். 2500கே-க்கு 1.35 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இந்த வித்தை தெரிந்தவர்களிடம் புழங்கும் கணக்கு. சூடு 2500கே-யில் 80 டிகிரிக்குள், கியூ6600-ல் 70-க்குள் நிற்பது நல்லது.

கத்திரி வெயில் பரீட்சை

மார்கழியில் செய்த சோதனை சித்திரையில் செல்லாது.

அறை 28 டிகிரி இருக்கும்போது 72 டிகிரி காட்டிய பிராசசர், அறை 38 டிகிரி ஆனால் 82-ஐ தொடும். ஏ.சி. இல்லாத கடையில் கத்திரி வெயில் மத்தியானம் என்ன ஆகும்? ஆகவே குளிர் மாதத்தில் வேகம் கூட்டியவர்கள் 10 டிகிரி இடம் விட்டு நிறுத்த வேண்டும்.

திரை இருண்டால்?

பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மெஷின் சாகவில்லை. அணைத்து, பிளக்கை பிடுங்குங்கள். மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான பேட்டரியை சில நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும். தேதியும் நேரமும் கூட அழிந்துவிடும். மறக்காமல் சரி செய்யுங்கள்.

லாபம் எவ்வளவு?

கியூ6600 2,400-லிருந்து 3,000-க்கு போனால் 10 நிமிட வேலை 8 நிமிடத்தில் முடியும். 2500கே 4,000-ல் ஓடினால் எட்டரை நிமிடம். அதுவும் வீடியோ மாற்றுவது, விளையாட்டு போன்ற பிராசசர் உழைக்கும் வேலைகளில்தான்.

பில் புரோகிராம் திறக்க நேரமாகிறதா? அங்கே சோம்பேறி பெரும்பாலும் பிராசசர் அல்ல, பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்.எஸ்.டி. மாற்றினால், ரேம் கொஞ்சம் கூட்டினால், ஓவர்கிளாக் தராத வேகம் கிடைக்கும். கணக்குக்கும் ஆபத்தில்லை.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ந்தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்த பழைய பிராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. எவ்வளவு வேகம் ஏற்றினாலும் இந்த குறை தீராது. பேங்க் வேலையை அதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஓரமாக கிடக்கும் பழைய மெஷினில் பையன்கள் பொறுமையாக கற்றுக்கொள்ளட்டும். நல்ல வித்தைதான். கடை மெஷினுக்கு எஸ்.எஸ்.டி.யும், மாதம் ஒரு தூசி தட்டலும் போதும்.

பதறாத காரியம் சிதறாது!