நின்றுபோன காரைக் கட்டி இழுப்பது எப்படி?



திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகிற நாற்கரச் சாலை நம்ம விராலிமலையைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. காய்கறி மூட்டை, தீவன மூட்டை என்று ஏற்றிக்கொண்டு இந்த ரோட்டில் தினமும் போய்வருகிறவர்கள் உங்களில் பலபேர். வண்டி பெரும்பாலும் குட்டியானைதான். வழியிலே மாமன் மச்சான் கார் நின்னுபோச்சுன்னு வையுங்க, உடனே என்ன தோன்றும்? "நம்ம வண்டியிலே கயிறு கிடக்கு, கட்டி இழுத்துருவோம்" என்றுதான் தோன்றும். இழுக்கலாம், தப்பில்லை. ஆனால் இழுப்பது பெரிய காரியமில்லை. இழுத்ததை நிறுத்துவதுதான் பெரிய காரியம்.

பாரவண்டி ஓட்டினவர்களுக்கு இது தெரியும். மேட்டிலே மாடு திணறும், அவ்வளவுதான். ஆபத்து வருவது இறக்கத்தில். பாரமெல்லாம் மாட்டின் பிடரிக்கு வந்து தள்ளும். அங்கேயாவது நடுவில் நுகத்தடி என்று ஒன்று இருக்கிறது. காருக்கும் குட்டியானைக்கும் நடுவில் இருப்பது வெறும் கயிறு. கயிற்றுக்கு இழுக்கத்தான் தெரியும், தடுக்கத் தெரியாது. முன்வண்டி சட்டென்று நின்றால், பின்னால் வருகிற கார் நேரே வந்து முட்டும். ஆகவே இரண்டு வண்டிக்கும் சேர்த்து பிரேக் போடுகிற பொறுப்பு பின்னால் காரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான். "சும்மா ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உட்காருடா" என்று சின்னப் பையனை உட்காரவைக்கிறார்களே, அது வேண்டவே வேண்டாம். நன்றாக ஓட்டத் தெரிந்த, லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

சட்டம் என்றதும் இன்னும் இரண்டு விஷயம். 1989-ஆம் ஆண்டு வந்த சாலை விதிகளில், கட்டி இழுக்கும்போது இரண்டு வண்டிக்கும் நடுவே இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். 2017-ல் அதன் இடத்தில் புதிய விதிகள் வந்துவிட்டன. என்றாலும் அந்த 24 ஏன் என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு ஆறேமுக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்வண்டி மயில் குறுக்கே வந்ததென்று அழுத்தி பிரேக் போட்டால், பின்னால் இருப்பவருக்கு அந்த ஐந்து மீட்டரும் ஓரிரு விநாடிக்குள் கரைந்துபோகும். அந்த வேகத்துக்கே இப்படி. நாற்பதில் போனால் என்ன ஆகும்? இருபதிலேயே போங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இன்னொரு விஷயம், இதுதான் பலபேரை ஏமாற்றுவது. என்ஜின் ஓடாத காரில் பிரேக் பழையபடி இருக்காது. பிரேக்கை மிதிக்க என்ஜின் ஒரு துணைவிசை கொடுத்துக்கொண்டிருக்கிறது. என்ஜின் நின்றபிறகு இரண்டு மூன்று தடவை மிதித்தால் அந்த விசை தீர்ந்துவிடும். பிறகு பிரேக் கல்லு மாதிரி இறுகிவிடும். பிரேக் போயிடுச்சுன்னு பதறக் கூடாது. பிரேக் இருக்கிறது, பலங்கொண்ட மட்டும் மிதிக்க வேண்டும். ஸ்டீயரிங்கும் அப்படியே கனமாக இருக்கும். கிளம்புவதற்கு முன்பே, நின்ற இடத்திலேயே நாலைந்து தடவை மிதித்துப் பார்த்துக் காலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். சாவியைக் கழற்றிவிடாதீர்கள், கழற்றினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். சாவி ஆன் நிலையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் இறக்கி இருக்க வேண்டும். பிரேக்கே கெட்டுப்போன காரைக் கயிறு கட்டி இழுக்க நினைக்கவே கூடாது. கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் கார், மின்சாரக் கார் இவற்றையும் சக்கரம் உருள இழுக்காதீர்கள், உள்ளே கெட்டுவிடும். அதையெல்லாம் லாரிமேல் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

எடையையும் பாருங்கள். 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் 750 கிலோ பாரத்துக்குச் செய்த வண்டி, என்ஜின் 16 குதிரைத்திறன். காலி வண்டி ஒரு சின்ன கார் எடைதான் இருக்கும். அதைக் கொண்டு ஒன்றரை டன் பொலீரோவை இழுத்தால் யார் யாரை இழுக்கிறார்கள் என்பது இறக்கத்தில்தான் தெரியும்! சின்ன கார் என்றாலும் பின்சக்கரத்துக்கு மேலே நாலு மூட்டை போட்டுக்கொண்டால் டயர் வழுக்காது. மூட்டைதான், ஆட்கள் இல்லை. கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி சுண்டி வரும். நைலான் கயிறு இழுபட்டு நீளுமே, அது அறுந்து வருகிற அடி ரொம்பப் பொல்லாதது. ஒரு ஈரச் சாக்கைக் கயிற்றின் நடுவில் போட்டுக் கட்டிவிட்டால் அந்த வேகம் கொஞ்சம் அடங்கும். பக்கத்தில் டிராக்டர் கிடைத்தால் இந்த வேலைக்கு அதுவே மேல். மெதுவாகப் போகும், கனமும் உண்டு. ஆனால் அதன் இரண்டு பிரேக் மிதிகளையும் சேர்த்துப் பூட்டிக்கொண்டுதான் ரோட்டுக்கு வர வேண்டும்.

கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள், பிய்ந்து வந்துவிடும். பல கார்களில் டூல்ஸ் பையில் ஒரு இரும்பு வளையம் இருக்கும். முன்பம்பரில் உள்ள சின்ன மூடியை எடுத்துவிட்டு, வளையத்தை அங்கே கடைசிவரை திருகி அதில் கட்டலாம். குட்டியானையில் சேஸிஸில் கட்டுங்கள். பின்கதவில் கட்ட வேண்டாம்.

அப்புறம் பைக்காரர்கள். நாற்கரச் சாலையில் சென்டர் மீடியன் திறப்பு வருகிற இடங்களில், இரண்டு வண்டிக்கு நடுவே சந்து கிடைத்தால் புகுந்து போகிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. நடுவில் கயிறு இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? கழுத்துமட்டம் இல்லாவிட்டாலும் சக்கரத்தில் சிக்கினால் உயிர் போகும். கயிற்றின் நடுவில் சிவப்புத் துணி ஒன்று நன்றாகத் தொங்கட்டும். காரின் பின்னால் 'கட்டி இழுக்கும் வண்டி' என்று பெரிதாக எழுதி மாட்டுங்கள். இரண்டு வண்டியிலும் நாலு பக்க விளக்கும் மின்னட்டும். இருட்டிய பிறகு இந்த வேலை கூடவே கூடாது.

கிளம்பும்போது முன்வண்டி ஊர்ந்து போய்க் கயிறு விறைத்த பிறகுதான் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் கயிறோ கொக்கியோ போய்விடும். பின்னால் இருப்பவர் கயிறு தொய்யாதபடி பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வர வேண்டும். ஒரு ஹாரன் என்றால் மெதுவாக, இரண்டு என்றால் நிறுத்து என்று முன்னாடியே பேசிக்கொள்ளுங்கள். சர்வீஸ் ரோட்டிலேயே போய் விராலிமலையில் உள்ள பட்டறையில் விட்டுவிடுங்கள். திருச்சி மெக்கானிக்கிடம்தான் காட்டணும்னு முப்பது கிலோமீட்டர் இழுத்துப் போகிற வேலை வேண்டாம். நெடுஞ்சாலையிலேயே மாட்டிக்கொண்டால் 1033 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள், காசில்லை. காரில் இருப்பவர்கள் இறங்கி, ரோட்டை விட்டு விலகி ஓரமாக நிற்க வேண்டும்.

வேலை முடிந்ததும் கயிற்றை உருவிப் பாருங்கள். ஒரு பிரி அறுந்திருந்தாலும் அது இனி வண்டிக்கு ஆகாது. கன்றுக்குட்டி கட்ட வைத்துக்கொள்ளுங்கள்.